பல்லன் வந்த வழி

உக்காரலாமா சார்? இந்தப் பை கொஞ்சம் இடிக்கும், காலை அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்குங்க. உள்ள தட்டு, பட்டுச் சேலை, வளையல், பழமெல்லாம் இருக்கு, நசுங்கிடக் கூடாது. நேத்து ஏலக்கூடத்துல ஒதுக்கிப் போட்ட பொடி மீனா கிளறி பாட்டில் பாட்டிலா அடைச்சுக்கிட்டு இருந்தீங்களே, நீங்கதானே? மீன் காலேஜ் வாத்தியாருன்னு டீக்கடையில சொன்னாங்க. நல்லதாப் போச்சு. பஸ்ஸுல இத்தனை சீட்டு காலியா இருந்தும் உங்க பக்கத்துல வந்து உக்கார்றேன்னா காரணம் இல்லாமயா?

இந்த பாட்டிலைக் கொஞ்சம் பாருங்க. ஊறுகா பாட்டில்தான், கழுவி ஸ்பிரிட்டு ஊத்தி வச்சிருக்கேன். விரல் நீளம் இருக்கா? பாத்தா சாளைப் பொடி மாதிரி இருக்கும். சாளைச் சாதிதான் சார், வயித்து ஓரத்தைத் தடவிப் பாருங்க, ரம்பம் மாதிரி அறுக்கும். ஆனா வாயைத் திறந்தா பல்லு. சாளைக்கு ஏது இப்படிப் பல்லு? இது முகத்துவாரத்து உப்புத் தண்ணியிலயும் கெடக்கும், மழைக்கு ஆத்துல ஏறி நல்ல தண்ணியிலயும் கெடக்கும். ஆளுக்கு ஒரு பேரு சொல்லுவாங்க. நான் பல்லன்னு சொல்லுவேன்.

கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இந்தப் பல்லன் ஒரு இறால் குட்டைக்குள்ள தானா வருமா, இல்ல யாராச்சும் கொண்டாந்து விட்டாத்தான் வருமா? ஒரு வார்த்தை சொல்லுங்க. மேலச்சாவடி வர்றதுக்குள்ள சொன்னீங்கன்னா போதும். அங்கதான் இறங்கணும் நான்.

சரி, முழுசாக் கேட்டுட்டே சொல்லுங்க. அதுவும் நியாயம்தான்.

மேலச்சாவடியில எந்தங்கச்சி இருக்கு. மலர்க்கொடி. கூடப் பொறந்தது அது ஒண்ணுதான் எனக்கு, அதுக்கும் நான் ஒருத்தன்தான். அது மக இலக்கியா பெரிய மனுஷி ஆயிருக்கு. இன்னைக்கு மஞ்சத் தண்ணி ஊத்தறாங்க. நான் தாய்மாமன் சார். மொதத் தண்ணி நான் ஊத்தணும், சேலை நான் கொடுக்கணும், மாலை நான் போடணும். அது உங்களுக்குத் தெரியாதது இல்ல. புள்ளைய ஒதுக்கி உக்கார வைக்கிற குச்சுக்குப் பச்சை ஓலை வெட்டறதும் தாய்மாமன்தான். ஆனா எனக்குச் சொல்லவே இல்ல. பூக்காரம்மா சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். ஓலை யாரு வெட்டுனாங்கன்னு கேட்டா, பந்தல்காரன் கொண்டாந்து கட்டிட்டுப் போனானாம். தாய்மாமன் உசிரோட இருக்கும்போது பந்தல்காரன் ஓலையில எம் புள்ள உக்காந்திருக்கு. எனக்குச் சோறு இறங்குமா சொல்லுங்க?

அந்தப் பூக்காரம்மாகிட்டயே மலரு சொல்லி அனுப்பிச்சுது. "எங்கண்ணன் பந்தல்ல வந்து நின்னு, எம் புருஷன் அந்த மீனை விடலைன்னு நாலு பேரு காதுல விழற மாதிரி சொல்லட்டும். சொல்லிட்டுத் தட்டைத் தூக்கட்டும். இல்லாட்டி தெருவுக்குள்ளயே வர வேணாம்"னு. அவ்வளவுதான் சேதி. ஒரு வரிதான் சார். சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா நடந்ததை நடக்கலைன்னு எப்படிச் சொல்றது? எங்கப்பா என்னை அப்படி வளக்கல.

மாப்பிள்ளை பேரு குணசீலன். நான் அவர ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல, வா போன்னதும் இல்ல. பஞ்சாயத்துல நிக்க வச்சுக் கேக்கும்போதும் வாங்க போங்கன்னுதான் கேட்டேன். மரியாதை வேற, நியாயம் வேற.

எங்கப்பா நெலத்தை நடுவுல கரை போட்டு ரெண்டு குட்டையா வெட்டுனோம். ஒண்ணு எனக்கு, ஒண்ணு மலருக்கு. ஒரே வாய்க்கால். முகத்துவாரத்துல தண்ணி ஏறுச்சுன்னா ரெண்டு பேரும் அதுலேருந்துதான் மோட்டார் போட்டு எடுப்போம். மாப்பிள்ளை வேலை செய்யற லட்சணத்தை நீங்க பாக்கணும். பைப்பு வாயில மாவு சலிக்கிற மாதிரி பொடிக் கண்ணு வலை, பை மாதிரி தைச்சுக் கட்டுவோம், மீன் குஞ்சு நண்டு குஞ்சு உள்ள வராம. நாங்க ஒண்ணு கட்டுனா அவரு ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு கட்டுவாரு. கட்டிட்டுப் பேசாம வந்து டீ குடிப்பாரா? மாட்டாரு. தண்ணியில நின்னுக்கிட்டு அந்தப் பையை உதறிக்கிட்டே இருப்பாரு, தொட்டில்ல போட்ட புள்ளைய ஆட்டற மாதிரி. எம் பொண்டாட்டி பாத்துட்டு, "நீங்களும் அப்படிச் செஞ்சா என்ன"ம்பா. அவளுக்கு என்னா தெரியும். இந்த ஊர்ல மொதமொத குட்டை வெட்டுனவன் நான்.

பல்லன் வந்த அந்தத் தடவை, இறால் குஞ்சு விட்டு நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு சார். தீனித் தட்டைத் தூக்கிப் பாத்தா கருப்பா நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கும். அப்ப பாத்து வெயிலு. குட்டையில தண்ணி வத்திப் போச்சு, இறாலு கரையோரமா வந்து மேல மேல மிதக்குது, மூச்சு முட்டுது அதுங்களுக்கு. தண்ணி ஏத்தியே ஆகணும். வாய்க்கால்லயோ பாசி. வலைப் பையில பாசி அடைச்சுக்கிட்டு, குழந்தை ஒண்ணுக்குப் போற மாதிரி ஒழுகுது. இன்னும் கொஞ்ச நேரத்துல வத்தம் ஆரம்பிச்சு வாய்க்கால் தண்ணி இறங்கிடும். நான் என்னா பண்ணுவேன்? இறாலைக் காப்பாத்துவேனா, வலையைப் பாத்துக்கிட்டு நிப்பேனா? பையை அவுத்துட்டேன். கொஞ்ச நேரம்தான். தண்ணி ஏறுனதும் திரும்பக் கட்டிட்டேன். இதெல்லாம் எல்லாரும் செய்யறதுதான், இதை நான் எதுக்குச் சொல்றேன்னா, அப்ப நடந்த இன்னொண்ணுக்காகச் சொல்றேன்.

மாப்பிள்ளை கரை மேல வந்து நின்னாரு. "மச்சான், வலையில்லாம ஏத்தாதீங்க. இப்ப மீனு முட்டை விடற நேரம். நான் வந்து உதறித் தர்றேன், கட்டிக்குங்க"ன்னாரு. நான், "உங்க குட்டையைப் பாருங்க மாப்பிள்ளை"ன்னு சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். போயிட்டாரு. இப்ப யோசிச்சுப் பாருங்க சார். மீனு வரப் போவுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியல, ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியல. அவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரியுது. ஏன்? நெஞ்சுல இருக்கு, வாயில வந்துடுச்சு. பின்னாடி பழி வரும்னு அன்னைக்கே ஒரு வார்த்தை போட்டு வைக்கிறாரு. நான் பஞ்சாயத்துல இதைத்தான் மொதல்ல சொன்னேன்.

கேளுங்க, இன்னும் இருக்கு. கொஞ்ச நாள் கழிச்சு எங் குட்டை மேல ஆலாப் பறவையாச் சுத்துது. தொப்பு தொப்புன்னு விழுது, எழும்புது. இறாலுக்கு வருதுங்கன்னு நெனச்சு நான் பட்டாசு வாங்கி வெடிச்சேன். மாப்பிள்ளை ஒரு மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு வர்றாரு. இலுப்பைப் புண்ணாக்கு. "மச்சான், பறவை இறங்கறதைப் பாத்தா உள்ள மீனு இருக்கு. இதை ஊற வச்சுக் கரைச்சு விடுங்க, மீனு மட்டும் செத்து மெதக்கும், இறாலுக்கு ஒண்ணும் ஆகாது"ங்கறாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. எங் குட்டைக்குள்ள என்னா இருக்குன்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி இவருக்கு எப்படித் தெரியுது? அதுவும் மூட்டையோட தயாரா வர்றாரு. அதைக் கரைச்சு விட்டா இருக்கற இறாலும் செத்துப் போகும், ஒண்ணுமில்லாமத் துடைச்சுடலாம்னு கணக்கு. நான் விடுவேனா? மூட்டையை அவரு கரையிலயே கொண்டு போயி வச்சுட்டு வந்தேன். எம் பொண்டாட்டிதான், "ஒரு வாளி கரைச்சு ஒரு மூலையில போட்டுப் பாப்போமே"ன்னு கெஞ்சுனா. பொம்பளைங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான்.

ஆமா சார், அந்தப் புண்ணாக்கு மீனைத்தான் கொல்லும், இறாலைக் கொல்லாது. பின்னாடி கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதை விடுங்க. அன்னைக்கு எனக்குத் தெரியாதுல்ல. தெரியாதவன் பயப்படத்தானே செய்வான்.

அப்பறம் பிடிக்கிற நாள் வந்துச்சு. மொத வீச்சு வலை போட்டு இழுக்கறேன், கனமா வருது. மனசு குளுந்து போச்சு. கரையில கொட்டுனா வெள்ளி வெள்ளியாத் துள்ளுது. பல்லன். எல்லாம் பல்லன். அதுக்கு நடுவுல அங்க ஒண்ணு இங்க ஒண்ணு இறால், மீசை போயி, காலு போயி. ரெண்டாவது வீச்சு, மூணாவது வீச்சு, எதுலயும் அதான். ஒரு பல்லனை எடுத்து வயித்தைக் கிழிச்சேன் சார். உள்ள இறால் குஞ்சு. கண்ணு ரெண்டும் கருப்பா அப்படியே இருக்கு, கரையல. வளத்த கைக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. நான் சேத்துலயே உக்காந்துட்டேன். ஆம்பளை அழக் கூடாதும்பாங்க. நான் அழுதேன்.

தலையைத் தூக்கிப் பாக்கறேன், அடுத்த கரையில மாப்பிள்ளை குட்டையில அதே நாளு பிடிக்கிறாங்க. கொழுகொழுன்னு இறாலு. ஒரு பல்லன் இல்ல. ஒரே வாய்க்கால், ஒரே தண்ணி, ஒரே காத்து. எங் குட்டையில பல்லன், அவரு குட்டையில ஒண்ணு கூட இல்ல. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்? குருடனுக்கும் தெரியுமே. அவரு பிடிச்சதுல பாதியைக் கூடையில போட்டு எங் கரையில கொண்டாந்து வச்சாரு. "எடுத்துக்குங்க மச்சான், அடுத்த தடவை பாத்துக்கலாம்"னாரு. தப்பு செய்யாதவன் எதுக்குப் பாதி கொடுக்கணும்? நீங்களே சொல்லுங்க. நான் அந்தக் கூடையைக் காலால தள்ளுனேன்.

பஞ்சாயத்தை ஐயனாரு கோயில்ல வச்சாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன், வரிசையா. சத்தியத்துக்குக் கற்பூரம் ஏத்துனாங்க, மாப்பிள்ளை அடிச்சு அணைச்சாரு, "நான் விடல"ன்னாரு. நான் ஒத்துக்கல. கற்பூரம் யாரு வேணா அணைப்பாங்க. "உங்க மக தலையில கை வச்சுச் சொல்லுங்க மாப்பிள்ளை, நான் கும்புட்டுட்டுப் போயிடறேன்"னேன். அப்ப இலக்கியா பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகப் பையோட, எம் பக்கத்துலதான் நின்னுச்சு. எம் வேட்டி நுனியைப் பிடிச்சுக்கிட்டு. சின்னப் புள்ளையிலேருந்து அதுக்கு அதான் பழக்கம். நான்தான் அதை முன்னாடி தள்ளி விட்டேன். "போ, உங்கப்பாகிட்ட போயி நில்லு"ன்னு.

மாப்பிள்ளை கையைத் தூக்கல சார். "என்னை என்ன வேணாச் சொல்லுங்க மச்சான், புள்ளைய இதுல இழுக்காதீங்க. நான் அது தலையில கை வைக்க மாட்டேன்"னாரு. முடிஞ்சு போச்சு. செய்யலைன்னா வைக்க வேண்டியதுதானே. அந்த இடத்துல ஊரே பாத்துச்சு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவருக்காக வெக்கப்பட்டுக் குனிஞ்சாங்க. வேற எதுக்குக் குனியப் போறாங்க?

மலரு வந்துச்சு. புள்ள கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போச்சு. அப்பறம் பேச்சே இல்ல. குட்டையைக் காயப் போட்டுட்டு, வீட்டைப் பூட்டிட்டு, மாப்பிள்ளை ஊரான மேலச்சாவடிக்கே போயிட்டாங்க. பொங்கலுக்குச் சீரு கொண்டு போனேன், கதவைத் திறக்கல. வாசல்ல வச்சுட்டு வந்தேன். பின்னாடியே ஆட்டோவுல திரும்பி வந்துடுச்சு, கரும்பு கூட ஒடையாம. எனக்குப் புள்ளை குட்டி கிடையாது சார். இலக்கியாதான். காதுகுத்துக்கு எம் மடியிலதான் உக்காந்துச்சு. வலிச்சதுக்கு எம் மீசையைப் பிடிச்சு இழுத்துச்சு. எம் பொண்டாட்டி இன்னைக்கு வரல. தலைவலியாம். "நீங்க அந்த வார்த்தையைச் சொல்றதா இருந்தா நானும் கிளம்பறேன், இல்லாட்டி நான் எந்த மூஞ்சியோட வருவேன்"னு படுத்துக்கிட்டா.

அதனாலதான் உங்களைக் கேக்கறேன். நீங்க படிச்சவங்க, வாத்தியாரு. தானா வராது, கொண்டாந்து விட்டாத்தான் வரும்னு நீங்க சொன்னீங்கன்னா, நான் பந்தல்ல நின்னு, "மலரு, நான் சொல்லல, காலேஜ் வாத்தியாரு சொல்றாரு"ம்பேன். அது புரிஞ்சுக்கும். அண்ணன் பொய் சொல்லலைன்னு தெரிஞ்சா அது உள்ள விடும். மாப்பிள்ளைய நான் மன்னிச்சுட்டேன் சார், எப்பவோ மன்னிச்சுட்டேன். அவரு ஒத்துக்கக் கூட வேணாம்.

என்னாது? எவ்வளவு நேரம் வலையை அவுத்து வச்சிருந்தேனா? அது எதுக்கு இப்ப? தண்ணி ஏறற வரைக்கும்தான். வெயிலு தாழற வரைக்கும்னு வச்சுக்குங்களேன். மறுநாளும் ஒரு தடவை. பாசி போகலையே, என்னா பண்ணச் சொல்றீங்க?

ம். சொல்லுங்க.

முட்டையிலேருந்து வந்த புதுசுல தண்ணி நெறத்துலயே இருக்குமா? கண்ணுக்கே தெரியாதா? சரி. ஒரு குடம் தண்ணியில எத்தனையோ வந்துடுமா? வந்து இறாலைத் தின்னே வளருமா? எல்லாம் புத்தகத்துல போட்டிருப்பாங்க சார். நான் தண்ணியைக் கண்ணால பாத்தவன். அன்னைக்கு வந்த தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஒண்ணும் இல்ல அதுல. எங் கையில அள்ளிப் பாத்தேன்.

நீங்க மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சவரா சார்? இல்ல, கேட்டேன். கோவிச்சுக்காதீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, இடத்தை மாத்தி உக்காராதீங்க, இருங்க. எனக்கு வேற யாரு இருக்கா கேக்கறதுக்கு? நல்லா யோசிச்சுப் பாத்து இன்னொரு தடவை சொல்லுங்க. நூத்துல ஒரு பங்காவது, யாரோ கொண்டாந்து விட்டிருக்கலாம்ல? அந்த ஒரு பங்கை மட்டும் சொல்லுங்க, எனக்கு அது போதும்.

இருங்க, போன் அடிக்குது. மலரு நம்பரு சார். மலரேதான்.

ஹலோ. மலரு? யாரு? இலக்கியாவா? ஏன்டா, நீ போன்ல பேசலாமா இப்ப? வந்துக்கிட்டே இருக்கேன்டா, பஸ்லதான் இருக்கேன், பட்டு எடுத்திருக்கேன், உனக்குப் பிடிச்ச மாம்பழக் கலரு. அழாதடா. தண்ணி ஊத்தற அன்னைக்கு அழக் கூடாது. அழாதன்னா. என்னா சொல்றே? மெதுவாச் சொல்லு, பஸ்ஸு சத்தம். ம். ம். இரு, ஒரு நிமிஷம் இருடா.

சார், புள்ள கேக்குது. பந்தல்ல சொல்ல வேணாமாம், ஊருக்கும் சொல்ல வேணாமாம். "எங்கிட்ட மட்டும் சொல்லுங்க மாமா, எங்கப்பா செய்யலைன்னு. அம்மாவை நான் பாத்துக்கறேன்"ங்குது. தண்ணி ஊத்தறதுக்குப் பலகை போட்டு உக்கார வச்சுட்டாங்களாம். சொம்புல தண்ணி தயாரா இருக்காம். நான் வராம ஊத்தக் கூடாதுன்னு பிடிவாதம் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்காம். அவங்கப்பாதான் போனைக் கொடுத்து, மாமாவைக் கூப்பிடுன்னாராம். நான் என்னா சார் சொல்லட்டும்? ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க? நீங்களும் ஏன் குனியறீங்க?

இலக்கியா. இருக்கியா? மாமா சொல்றதைக் கேளுடா கண்ணு. உங்கப்பா நல்லவருதான். நான் இல்லைங்கல. கோவமும் இல்ல எனக்கு. ஆனா உங்கிட்ட நான் எப்படிடா பொய் சொல்லுவேன்? விட்டது அவருதான். நீ வளந்து பெரியவளாகிட்டே, உனக்குப் புரியும். சரியா? நான் இதோ வந்துடறேன், மொதத் தண்ணி மாமாதான். இலக்கியா? ஹலோ. ஹலோ. இலக்கியா.

வச்சிடுச்சு. இல்ல, வச்சிருக்காது, கட்டாயிருக்கும். இந்த ரோட்டுல டவர் சரியா கிடையாது. திரும்ப அடிக்கிறேன். எடுக்கல. கூட்டமா இருக்கும், சத்தத்துல கேக்காது. இன்னொரு தடவை அடிக்கிறேன். அணைச்சு வச்சிருக்குன்னு வருது சார்.

நான் பொய் சொல்லலையே? நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க.

என்னா கண்டக்டரே? மேலச்சாவடியா? பந்தல்ல பாட்டுப் போட்டிருக்காங்க, கேக்குது, கேக்குது. இல்ல, நான் இல்ல. இங்க இறங்கற ஆளு நான் இல்ல. மேலச்சாவடிக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன், தெரியும், கடைசி ஸ்டாப்புக்கு மாத்திக் கொடுங்க. இந்தப் பை யாரோடதா? எங்கூடதான் வருது, அது பாட்டுக்கு இருக்கட்டும். யாரும் இறங்கல. போகச் சொல்லுங்க.